மேசை ஃபேனுக்கு ஸ்பிரே டின் பெயின்ட்: ஏன் சுருங்கியது, ஏன் உரிந்தது

தம்பி, எந்தக் கம்பெனி ஸ்பிரே டின் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய விபரத்தை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று படுகிறது. அப்பப்பாவின் கடையில் ஓடிய மேசை ஃபேன். வார்ப்பிரும்பு அடித்தளம், தகர உடல், அலுமினிய இறக்கை, கம்பிக் கூடு. செதில் செதிலாகக் கிளம்பியிருந்த பழைய பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, அடித்தளத்தில் கறள் பிடித்திருந்த இடங்களில் ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய ரெட் ஒக்சைட்டைத் தூரிகையால் பூசினீர்கள். மறுநாள் அதன் மேல் ஸ்பிரே அடித்தீர்கள். அடித்தளத்தில் இரண்டாம் பூச்சு விழுந்ததும் ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கிவிட்டது. உடல் பகுதி அழகாக வந்தது, ஆனால் ஒரு மாதத்தில் நகம் பட்டாலே உரிகிறது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட், கம்ப்ரசர் இல்லை, கராஜில் கொடுக்கவும் மனமில்லை. ஆக, டின்னை வைத்துக்கொண்டே இதை நிலைத்து நிற்கும்படி செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். நீங்கள் வாங்கிய டின்னில் குறை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிரச்சினை அதற்குக் கீழே இருக்கிறது.

நான் 18 வருடம் வாகனக் கராஜில் பெயின்ட் வேலை செய்தவன். இப்போது தெஹிவளையில் வீட்டு வளவிலேயே பழைய ஃபேன், தையல் மெஷின், தராசு, டைப்ரைட்டர் என்று வருவதைச் செய்து கொடுக்கிறேன். பெயின்ட்டைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். மோட்டர், வயரிங் விஷயத்தில் என் அறிவு அரைகுறை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுக்கு நடந்தவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். முதலில் சுருங்கியது. தூரிகையால் பூசும் ரெட் ஒக்சைட் எண்ணெய் வகைப் பெயின்ட். அது காய்வது தண்ணீர் காய்வதுபோல இல்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல மெல்ல இறுகும். மறுநாள் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் தோல் மட்டும்தான் இறுகியிருக்கும், உள்ளே இன்னும் பச்சை. உங்கள் ஸ்பிரே டின் பெரும்பாலும் அக்ரிலிக் லாக்கர், அதாவது தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடும் வகை. லாக்கரைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் வகைகள் கடுமையானவை. அவை அந்த அரைகுறைத் தோலுக்குள் இறங்கி அதை ஊதவைக்கின்றன. ஊதிய தோலுக்குப் பரவ இடமில்லை, அதனால் மடிந்து சுருங்குகிறது. எண்ணெய்ப் பெயின்ட் மேல் லாக்கர் அடிக்காதே என்பது கராஜில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். மறுபக்கமாக, நன்றாகக் காய்ந்த லாக்கருக்கு மேல் எண்ணெய் வகையான எனமல் அடித்தால் பொதுவாகப் பிரச்சினை வராது.

பொதுவாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் டின் லாக்கரா எனமலா என்பதை நீங்கள் எழுதியதை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. எனமல் டின்னும் இப்படிச் சுருங்கும். "ஒரு மணித்தியாலத்துக்குள் அடுத்த பூச்சு, இல்லாவிட்டால் 48 மணித்தியாலம் கழித்து" என்ற மாதிரி லேபிளில் எழுதியிருந்தால் அது எனமல். அந்த இடைவெளிக்குள் அடித்தால் லாக்கர் இல்லாமலே மேற்பரப்பு மடியும். காய்ந்த பெயின்ட் என்றால் வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னர் தொட்டு அரை நிமிடம் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் தாராளமாக வந்தால் லாக்கர். வராமல் அப்படியே நின்றாலோ, மென்மையாகி மடிந்தாலோ எனமல். எந்தப் பழைய பெயின்ட்டின் மேல் கை வைக்குமுன்பும் நான் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்கிறேன்.

அடுத்தது உரிவது. உடலில் பழைய பச்சைப் பெயின்ட் பளபளப்பாகவே இருந்தது, "நன்றாகத் துடைத்துவிட்டு" அடித்தேன் என்கிறீர்கள். அந்த ஃபேன் சாப்பாட்டுக் கடையில் ஓடியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விடை இருக்கிறது. வருடக்கணக்கில் தேங்காயெண்ணெய்ப் புகை குடித்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்குப் படலம் இருக்கும். ஈரத்துணிக்கு அது போகாது. அதை எடுக்காமல் சாண்ட் பேப்பர் போட்டால் இன்னும் மோசம், ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெயைத் தேய்த்து அடைத்துவிடுவோம். ஆகவே முதலில் கழுவவேண்டும், அதன் பிறகுதான் தேய்க்கவேண்டும். மோட்டரைக் கழற்றி எடுத்த பிறகு, பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் இரண்டு தரம். காய்ந்த பிறகு தின்னர் தொட்ட ஒரு துணியால் துடைத்து, அது ஆவியாகுமுன்பே இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. கைவிரல் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும், அதனால் இந்தக் கட்டத்திலிருந்து கையுறை.

இனி எல்லாவற்றையும் உரித்து வெறும் உலோகத்துக்குப் போகவேண்டுமா? உங்கள் ஃபேனைப் பொறுத்தவரை அடித்தளத்துக்கும் உடலுக்கும் ஆம். சுருங்கிய பூச்சை மறைக்க எந்தப் பூச்சாலும் முடியாது, உரிகிற பூச்சின் மேல் எது அடித்தாலும் அதுவும் சேர்ந்து உரியும். ஆனால் பழைய சாமான் என்றாலே உரித்துவிட வேண்டும் என்று இதை வாசிக்கும் வேறு யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பாகப் பழைய கறுப்புச் சிங்கர் தையல் மெஷின். அந்தக் கறுப்பு சூளையில் சுட்டெடுத்த ஜப்பான் பூச்சு. அதன் மேல் தங்க நிறப் பூவேலை, பூவேலைக்கு மேல் ஷெல்லாக் மெருகு. தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் மெருகும் பூவும் ஒரே துடைப்பில் போய்விடும், எந்த டின்னாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கு வேண்டியது பஞ்சும் தையல் மெஷின் எண்ணெயும் பொறுமையும்தான். அம்மாவின் மெஷினை "புதுசாக்கி" ஸ்பிரே அடித்துவிட்டு, பூ வேலையைத் திரும்பப் போடமுடியுமா என்று கேட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. தமிழ் டைப்ரைட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வேண்டுகோள். யாழ்ப்பாணம் சுண்டுக்குழியில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த விசைப்பலகையோடு ஜெர்மனியில் செய்து இங்கே வந்த மெஷின்கள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. அவற்றில் கம்பெனிப் பெயர் எழுதிய பகுதியில் பெயின்ட் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் தொடவேண்டாம்.

உரிக்கும் வேலையில் முதலில் ஈயம். உங்கள் ஃபேனுக்கு 60 வயது என்றால் அந்தப் பச்சையில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-ல்தான். நம் நாட்டில் அளவுக்கட்டுப்பாடு வந்தது அதற்கும் வெகு காலம் பிந்தி. இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. அதனால் பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடி சாண்ட் பேப்பர் போடவோ, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்க்கவோ, நெருப்பு காட்டிச் சுரண்டவோ கூடாது. தூசி ஃபிளாட் முழுக்கப் போகும், தரையில் தவழும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கைக்கும் வாய்க்கும் போகும். ஈரமாக வைத்து இரசாயனத்தால் உரிப்பதுதான் பாதுகாப்பு.

இரசாயனத்தில் இரண்டு வழி. ஒன்று கடையில் கிடைக்கும் ஜெல் ரிமூவர். தடிப்பாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, காயவிடாமல் அரை மணித்தியாலம் விட்டால் பெயின்ட் கொப்பளித்து வரும். ஆனால் லேபிளில் மெதிலீன் குளோரைட் என்று இருந்தால் மூடிய இடத்தில் திறக்கவே வேண்டாம், முக்கியமாகக் குளியலறையில். வெளிநாட்டில் குளியல் தொட்டியின் பெயின்ட்டை இதால் உரித்தவர்கள் அந்த அறைக்குள்ளேயே இறந்திருக்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், கீழே தங்கும். சாதாரண முகக்கவசம் இதற்கு எதுவும் செய்யாது.

மற்றது கோஸ்டிக் சோடா. வார்ப்பிரும்பு அடித்தளத்துக்கு நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். பிளாஸ்டிக் வாளியில் 10 லீட்டர் குளிர்ந்த தண்ணீர், அதில் அரைக் கிலோ சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கவேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாமல் பக்கத்திலேயே போகக்கூடாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வழியே வேண்டாம். ஓர் இரவு ஊறினால் அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயின்ட் சேறாகிவிடும். தும்பு பிரஷ்ஷால் ஒரு தேய், நிறையத் தண்ணீர், கடைசியாக வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு கழுவல். அந்தச் சேற்றை வீதிக் கானுக்குள் ஊற்றிவிடாதீர்கள். வெள்ளவத்தைக் கான் போகும் இடம் கடல். அடியில் படியவிட்டு, படிந்ததைக் கடதாசியில் சுற்றித் தனியாக எடுத்துவையுங்கள்.

கோஸ்டிக்கில் போடுமுன் ஒவ்வொரு துண்டிலும் காந்தம் வைத்துப் பாருங்கள். இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். வாடிக்கையாளர் ஒருவரின் ஃபேனில் கழுத்துப் பகுதிக்கும் பச்சைப் பெயின்ட்தான், அடித்தளத்துக்கும் பச்சைப் பெயின்ட்தான். இரண்டும் இரும்பு என்று நினைத்து ஒன்றாகப் போட்டேன். காலையில் பார்த்தபோது கழுத்து முழுக்க அரித்து, கடற்பாசி மாதிரிக் குழி குழியாகக் கிடந்தது. அது அலுமினியம். கோஸ்டிக் சோடா அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் தின்றுவிடும், அதோடு தீப்பற்றும் ஐதரசன் வாயுவையும் கிளப்பும். அந்த மாதிரிக் கழுத்தை வேறொரு உடைந்த ஃபேனில் தேடிக் கொடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. காந்தம் ஒட்டாத எதையும் கோஸ்டிக்கில் போடாதீர்கள். உங்கள் இறக்கைகள் அலுமினியம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு ஜெல், அல்லது தண்ணீர் தொட்டு 320-ம் நம்பர் சாண்ட் பேப்பர். மூன்று இறக்கைக்கும் ஒரே அளவு பெயின்ட் விழவேண்டும், குழி நிரப்பும் பட்டி பூசவே கூடாது. ஓர் இறக்கை கனமானால் ஃபேன் மேசையில் நடக்கத் தொடங்கும்.

பெயின்ட் போனபிறகு கறள். 1 லீட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அசிட், ஓர் இரவு. புறக்கோட்டையில் மசாலாச் சாமான் விற்கும் கடைகளிலேயே கேட்டு வாங்கலாம். வினிகரும் செய்யும், கொஞ்சம் மெதுவாக. ஸ்பிரிங், மெல்லிய கிளிப் போன்றவற்றை இதில் ஊறவிடாதீர்கள், அமிலம் அவற்றை முறியவைக்கும். எடுத்து, அப்பச் சோடா கலந்த தண்ணீரில் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று நான்கு தரம் கழுவவேண்டும். இந்தக் கடைசிக் கழுவலை யாரும் பொருட்டாக எடுப்பதில்லை. கடற்கரை ஓரத்து வீட்டில் வருடக்கணக்கில் இருந்த இரும்பின் கறளுக்குள் உப்பு இருக்கிறது. மரைன் டிரைவ் பக்கம் யன்னல் கம்பிகள் எந்த வேகத்தில் கரைகின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த உப்பு கீழே தங்கினால், பெயின்ட் ஊடாக வரும் ஈரத்தை இழுத்து, மேலே எவ்வளவு நல்ல பூச்சு இருந்தாலும் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளப்பும். கழுவியதும் ஹெயார் டிரையரால் சூடாக்கிக் காயவையுங்கள். கொழும்புக் காற்றில் வெறும் இரும்பு உங்கள் கண் முன்னாலேயே மஞ்சளாகத் தொடங்கும், அன்றைக்கே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். மாலை நாலு மணிக்குக் கறள் எடுக்கும் வேலையைத் தொடங்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பிரைமருக்கு முன் வெறும் உலோகத்தில் 180 அல்லது 240 சாண்ட் பேப்பரின் கீறல் இருக்கவேண்டும். கண்ணாடிபோல மினுக்கிய இரும்பில் பெயின்ட்டுக்குப் பிடிமானம் இல்லை. இரும்புக்கு லாக்கர் வகைப் பிரைமர் டின், அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர். எட்ச் பிரைமரில் உள்ள அமிலம் உலோகத்தை மெல்லக் கடித்துப் பிடிக்கும், சாதாரணப் பிரைமர் அலுமினியத்தில் நாளாக நாளாகத் தகடாகக் கழன்றுவரும். இரண்டையும் பழைய சோனகத் தெருப் பெயின்ட் கடைகளிலும், பஞ்சிகாவத்தையில் வாகனப் பெயின்ட் விற்கும் இடங்களிலும் கேளுங்கள். பிரைமர், நிறம், அதன் மேல் அடிக்கும் நிறமில்லாத கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குவது மட்டும்தான் கம்பெனி விஷயத்தில் நான் சொல்லும் ஆலோசனை. அவை ஒன்றையொன்று சுருக்காது. வார்ப்பிரும்பில் குழிகள் இருந்தால் வாகனத்துக்குப் போடும் பட்டியை வெறும் உலோகத்தில் போட்டு இழைத்துவிட்டுப் பிரைமர் அடியுங்கள். ஆனால் எல்லாக் குழியையும் நிரப்பிவிடாதீர்கள். பழைய வார்ப்பின் தோல் கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதுதான் அதன் இயல்பு, வழவழவென்று ஆக்கினால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பிரைமர் அடித்தாயிற்று, நிறத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றும் விடக்கூடாது. பிரைமர் நுண்துளை உள்ளது, ஈரம் அதனூடாக இறங்கிக் கீழே கறள் கட்டும்.

இனிக் காற்று. டின் பெயின்ட் பற்றி இணையத்தில் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் வரண்ட நாடுகளில் எடுத்தவை. அவர்கள் குளிரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நமக்குக் கவலை ஈரப்பதன். டின்னிலிருந்து வரும் தின்னரும் வாயுவும் ஆவியாகும்போது உலோகத்தின் மேற்பரப்பைக் குளிராக்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள நாளில் காற்றிலுள்ள ஈரம் 26 பாகை அளவிலேயே பனியாகப் படியத் தொடங்கும், அந்த அளவைத்தான் பனிப் புள்ளி என்பார்கள். அதாவது மேற்பரப்பு நான்கு பாகை குளிர்ந்தால் போதும், உங்கள் ஈரப் பெயின்ட்டுக்குள் தண்ணீர் படியும். லாக்கரில் அது பால் தெளித்த மாதிரி வெள்ளையாகப் பூக்கும். கறுப்பு அடித்தால் சாம்பலாகத் தெரியும். அதே 30 பாகையில் ஈரப்பதன் 65 என்றால் பனிப் புள்ளி 23-க்குக் கீழே போய்விடும், உங்களுக்கு ஏழு பாகை இடைவெளி கிடைக்கிறது. உலோகம் எப்போதும் பனிப் புள்ளியைவிடக் குறைந்தது மூன்று பாகை கூடிய சூட்டில் இருக்கவேண்டும் என்பது பெரிய பாலங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்களும் பின்பற்றும் விதி.

நடைமுறையில் இதன் அர்த்தம், காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில், வெயில் உள்ள நாளில் அடியுங்கள். ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி வாங்கி வைத்தால் ஊகிக்கத் தேவையில்லை. 75-க்கு மேல் என்றால் நான் டின்னைத் தொடமாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் இந்த வேலைக்கு மிக நல்ல காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து வரும். இடையில் நல்ல நாட்கள் கிடைக்கும், ஆனால் அவற்றுக்காகக் காத்திருக்கவேண்டும். அடிக்க முன் துண்டுகளை அரை மணித்தியாலம் வெயிலில் வையுங்கள், கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கவேண்டும், சுடக்கூடாது. வெள்ளை பூத்துவிட்டால் பதற வேண்டாம். நல்ல வெயில் நாளில் மேலே மெல்லிய ஒரு பூச்சு அடித்தால் பெரும்பாலும் அந்த ஈரம் வெளியேறிவிடும். சில சமயம் போகாது. அப்போது இழைத்துத் திரும்பவும் அடிப்பதுதான் வழி.

மூன்றாம் மாடி பல்கனியில் அடிக்கவேண்டாம். டின்னுக்குள் இருக்கும் தள்ளுவாயு பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் வகை, குசினியிலிருக்கும் சிலிண்டரில் உள்ள அதே வாயுக்கள்தான். கீழே படிந்து எங்காவது எரியும் அடுப்பைத் தேடிப்போகும். கடற்காற்று உங்கள் பெயின்ட்டின் பாதியைக் கீழ்மாடி வீட்டுக் கொடியில் காயும் உடுப்புக்கும் கொண்டுபோகும். தெரிந்தவர் யாருடைய வளவாவது ஒரு நாளைக்குக் கேளுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் நல்ல கூடாரம். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி எழும்பாது.

அடிக்கும் முறையில் நிறையச் சொல்ல இல்லை. உள்ளே குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியபின் முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள், அவசரப்படுபவர்கள் எல்லோரும் தவறவிடுவது இதுதான். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரம். துண்டுக்கு வெளியே அமத்தத் தொடங்கி, துண்டைக் கடந்து வெளியே போய் விடவேண்டும். முதல் பூச்சு தூறல்போல, கீழே உள்ளது தெரியத் தெரிய. பத்து நிமிடம் கழித்து அடுத்தது, பிறகு மூன்றாவது கொஞ்சம் ஈரமாக. ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழியும். விளிம்புகளுக்கும் மூலைகளுக்கும் முதலில் அடித்துவிட்டுத் தட்டையான இடங்களுக்கு வாருங்கள், பெயின்ட் முதலில் தேய்வதும் கறள் முதலில் வருவதும் விளிம்பில்தான். உங்கள் அளவு ஃபேனுக்கு 400 மில்லிலீட்டர் டின்னில் பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கிளியர் ஒன்று எனக்குச் சரியாக வரும். சின்னச் சின்ன வட்டக் குழிகளாகப் பெயின்ட் விலகி நின்றால் கீழே சிலிக்கோனோ எண்ணெயோ இருக்கிறது. மேலே மேலே அடித்து மூட முடியாது. நிறுத்தி, காயவைத்து, இழைத்து, திரும்பக் கழுவவேண்டும்.

கம்பிக் கூட்டை டின்னால் அடிக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உருண்டைக் கம்பியில் முக்கால்வாசிப் பெயின்ட் காற்றோடு போகும், பின்பக்கம் எப்போதும் மெலிவாகவே விழும், கறள் அங்கிருந்தே தொடங்கும். அலுமினிய யன்னல் வேலை செய்யும் இடங்கள் சிலவற்றில் பவுடர் கோட்டிங் செய்து தருவார்கள். கூட்டை மட்டும் அங்கே கொடுங்கள். சூளை 180 முதல் 200 பாகை வரை போகும், அதனால் வெறும் உலோகமாக மட்டுமே போகவேண்டும். கம்பிகளை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருந்தால் கொடுக்கக்கூடாது, உருகிவிடும். ஸ்பொட் வெல்டிங் என்றால் பயமில்லை. அடியில் பொத்தானைக் குத்தி ஹார்ட்னர் கலக்கும் டூ-கே கிளியர் டின்னும் இப்போது வருகிறது. பெட்ரோலுக்கும் தின்னருக்கும் தாங்கும் அளவு உறுதியானது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை நுரையீரல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க மூச்சுத் திணறல்தான். கராஜில் என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படித்தான் இந்தத் தொழிலை விட்டார். மேசையில் ஓடும் ஃபேனுக்கு அந்த உறுதி தேவையே இல்லை.

அடித்து முடித்தபின் தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் இரண்டு கிழமைக்கு ஸ்குரூ பூட்டாதீர்கள். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பாருங்கள், தின்னர் வாசம் இருந்தால் இன்னும் இறுகவில்லை. பிறகு அடித்தளத்தின் கீழ்ப்பக்கத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், பிளேட்டால் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கீறி, நல்ல டேப் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். சதுரங்கள் டேப்போடு வராவிட்டால் இனி நகத்துக்குப் பயப்படத் தேவையில்லை.

கடைசியாக மின்சாரம். பெயின்ட் கரண்டைக் கடத்தாது. எர்த் வயர் பூட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அந்த எர்த் வெறும் பேச்சுக்குத்தான். அந்தத் திருகாணியின் கீழே உலோகம் தெரியும்வரை சுரண்டிவிட்டுப் பூட்டவேண்டும். உங்கள் ஃபேனில் துணி சுற்றிய இரண்டு வயர் மட்டும்தான் வருகிறது என்றால் அதற்கு எர்த்தே கிடையாது. உலோக உடல், 230 வோல்ட், கடற்கரை ஈரம். இதை நானே செய்வதில்லை, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்று வயர் போட்டு, இன்சுலேஷன் சோதித்து வாங்குகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மோட்டரின் காற்றுத் துளைகளையும் எண்ணெய் விடும் துவாரத்தையும் ஸ்பிரே அடிக்குமுன்பே மாஸ்கிங் டேப்பால் அடைத்திருக்க வேண்டும். பெயரிட்ட பித்தளைத் தகட்டைக் கழற்ற முடியாவிட்டால் அதையும்.

நிறம் எது என்று கேட்டிருந்தீர்கள். அடித்தளத்தைக் கோஸ்டிக்கில் போடுமுன் அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட்டை மெதுவாக உரித்துப் பாருங்கள். அந்த இடத்தில் வெயிலும் புகையும் கையும் படாமல், அப்பப்பா வாங்கிய நாளில் இருந்த பச்சை அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் அடித்தளத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு பழைய சோனகத் தெருவுக்கு ஓட்டோவில் போய், டின்னின் மூடியை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் தெரிவுசெய்யுங்கள். போன் படத்தைக் காட்டி வாங்காதீர்கள், போன் பச்சையைச் சரியாகக் காட்டுவதில்லை.